பச்சை மணி மாலை பெருகிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

முகூர்த்தம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்த நேரத்தில், மணப்பெண்ணின் கழுத்தில் கிடந்த ஐந்து சரப் பச்சை மணி மாலையின் உட்சரம் வலப்பக்க முனையில் விட்டுப்போனது. பதக்கம் கீழே சரிந்தது. மணிகள் மணமேடையிலிருந்து படியிறங்கி நாற்காலி வரிசைகளுக்கு அடியில் ஓடின. அந்த மாலையை மதுரையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கோத்துக் கொடுத்தவள் நான். அன்று மாலை பெண்ணின் அத்தை தொலைபேசியில் அழைத்தபோது ‘அறுந்தது’ என்ற சொல்லை வாயில் வரவிடவில்லை. “மாலை பெருகிடுச்சும்மா. நல்லவேளை, தாலி ஏறினதுக்கு அப்புறந்தான்” என்றார். மஞ்சள் சரடுக்கும் கண்ணாடி வளையலுக்கும் நம் வீடுகளில் வழங்கும் மங்கல வழக்கை அவர் என் மாலைக்கும் வழங்கியதில் பெருந்தன்மை இருந்தது. ஆனாலும் மணவறையில் ஒரு மாலை விட்டுப்போவது அந்தக் குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல.

மறுவாரம் அவர் மாலையையும் உதிர்ந்த மணிகளையும் ஒரு சந்தனக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார். கூடத்துப் பிள்ளைகள் போட்டி போட்டுப் பொறுக்கியதில் 117 மணிகள் கிடைத்திருந்தன. உதிர்ந்தவை 124. அந்த எண்ணிக்கைதான் என்னை முதலில் உறுத்தியது. உட்சரத்தில் 60 மணிகளே இருந்தன. ஒரு சரம் விட்டதற்கு 124 மணிகள் எப்படி உதிரும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். காரணம் தெரியாமல் அடுத்த மாலையைக் கோக்க எனக்குக் கை வராது என்பதால், பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கோத்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். அந்த ஆய்வின் பதிவு இது.

மாலையின் அமைப்பு

அத்தை வீட்டில் அவருடைய தாயார் காலத்து வடசேரிக் கெம்புப் பதக்கம் ஒன்று சங்கிலி இல்லாமல் கிடந்தது. எடை 38 கிராம். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகை வேலைக்கே உரிய சிவப்புக் கற்களும், பின்புறத்தில் மணிச் சரங்களைக் கவ்விப் பிடிக்கும் திறந்து மூடும் கொக்கியும் கொண்டது. சிவப்புக்குப் பச்சைதான் எடுக்கும் என்று 6 மில்லிமீட்டர் பச்சை உருண்டை மணிகளைத் தேர்ந்தோம். சென்னை சவுகார்பேட்டையிலிருந்து வரவழைத்த ஆறு சரங்கள் மரகதத்தின் பெயர் சொல்லி விற்கப்பட்டவை; நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சு இலேசாகப் பச்சையானது, மணியோ கண்ணாடியைக் கீறியது. ஆக, சாயமேற்றிய படிகக்கல். அதை நான் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன். சாயக்கல் என்பது குற்றமல்ல. சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

ஐந்து சரங்களும் உள்ளிருந்து வெளியே 60, 64, 68, 72, 76 மணிகள் கொண்டவை. உட்சரம் 36 சென்டிமீட்டர். ஒவ்வொன்றும் முந்தியதைவிட 2.4 சென்டிமீட்டர் நீளம். மொத்தம் 340 மணிகள், மணி ஒன்றுக்குச் சுமார் 0.29 கிராம், ஆக ஏறத்தாழ 99 கிராம். இரு பக்கமும் ஐந்து துளைப் பட்டைகள், பின்னால் இழுத்துக் கட்டும் டோரிக் கயிறு. கோத்தது கியர் ஒயரில். ஏழு மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய, 0.38 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி அது. முனைகளை கியர் லாக் என்னும் சிறு உலோகக் குழலில் நுழைத்துத் தட்டைக் குறடால் நசுக்கியிருந்தேன். இந்தக் கோப்பில் தவறுகள் பல இருந்தன. செய்தபோது ஒன்றுகூட எனக்குத் தவறாகப் படவில்லை.

எடை குற்றவாளியா?

மாலை விட்டுப்போனால் எல்லோரும் முதலில் சொல்வது “பாரம் தாங்கவில்லை” என்பதே. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். பதக்கத்தின் கொக்கி ஐந்து சரங்களையும் சேர்த்துக் கவ்வினாலும், மற்ற நான்கும் நீளமானவை என்பதால் அவை தளர்ந்தே கிடக்கும். எல்லாவற்றிலும் குட்டையான உட்சரம்தான் விறைத்து நின்று பதக்கத்தைத் தூக்கும். அதன் சொந்த எடை 17 கிராம், பதக்கம் 38 கிராம், ஆக 55 கிராம். வெளிச்சரமோ தன் 22 கிராமை மட்டும் தாங்கிக்கொண்டு சுகமாக இருந்தது. ஐந்து சரம் என்பதால் பாரம் ஐந்தாகப் பங்கிடப்படும் என்று நான் எண்ணியிருந்தது முழுப் பிழை.

பிழைதான் என்றாலும், 55 கிராம் ஒரு பாரமா? அதே சுருளிலிருந்து ஒரு சாண் கம்பியை வெட்டி, இரு முனைகளிலும் லாக் போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டேன். இரவு முழுவதும் தொங்கியது. காலையில் எடுத்தபோது கம்பியில் ஒரு நெளிவுகூட இல்லை. மாலை சுமந்ததைப் போல் முப்பத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் கம்பி, 55 கிராமுக்கு விட்டுப்போனது என்றால் அது இழுத்து அறுந்ததல்ல. ஏதோ ஒன்று அதை முன்பே அறுத்து வைத்திருக்க வேண்டும்.

விட்ட முனையைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். லாக்கின் வாயிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தள்ளி, கடைசி மணியின் துளை வாய் உட்காரும் இடத்தில் கம்பி பிரிந்திருந்தது. ஏழு இழைகளில் நான்கின் நுனிகள் மங்கிப் பழுப்பேறியிருந்தன. மூன்றின் நுனிகள் புதிதாகப் பளபளத்தன. இதைப் பார்த்தபின் கதை தெளிவாகிவிட்டது. நான்கு இழைகள் திருமணத்துக்கு முன்பே, ஒருவேளை மூன்று வாரம் முன்பு நடந்த படப்பிடிப்பின்போதே விட்டுப்போய், வியர்வை பட்டுத் துருவேறியிருக்கின்றன. எஞ்சிய மூன்று இழைகளும் மணவறையில், பெண் குனிந்து நிமிர்ந்த ஏதோ ஒரு கணத்தில் போயிருக்கின்றன. மாலை முகூர்த்தத்தன்று அறுந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அது அறுந்து முடித்ததுதான் முகூர்த்தத்தன்று.

துளையின் வாய்

இனி அறுத்தது எது என்ற கேள்வி. கழற்றிய மணிகளில் ஐம்பதை எடுத்து, வெள்ளைப் பருத்தி நூலை ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் பத்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். பத்தொன்பது மணிகளில் நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தத் துளைகளின் வாய் சில்லு பெயர்ந்து, உடைந்த கண்ணாடி விளிம்பைப் போல் இருந்தது. சிலவற்றில் துளை இரு பக்கத்திலிருந்தும் போடப்பட்டு, நடுவில் நேராகச் சந்திக்காமல் ஒரு சிறு படி விழுந்திருந்தது.

இது கல் மணிகளுக்கு உடன்பிறந்த குணம் என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மணி செய்வதில் துளை உண்டாகும் வழிகள் வேறு வேறு. ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடி மணி செய்பவர்கள் துளை போடுவதே இல்லை. உருகிய கண்ணாடியை உள்ளே காற்றோடு நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூட்டில் புரட்டி எடுக்கிறார்கள். வெட்டு வாய் அந்தச் சூட்டிலேயே மழுங்கிவிடும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவையே. கல்லில் அது நடக்காது. கல்லைக் குடைந்துதான் ஆக வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணிகள் செய்து முடித்தவையாகவும் பாதியில் நின்றவையாகவும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பாதி மணிகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, துளை போடும்போது கை தவறி எறியப்பட்டவை எத்தனையோ என்ற நினைப்பு வரும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் படிகக்கல் 7. அதைக் குடைந்தெடுத்த வாயை யாராவது உட்கார்ந்து மழுக்கினால் ஒழிய, அது ஒரு சிறு கத்தி. மலிவுச் சரங்களுக்கு அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

கண்ணாடி மணியில் மூன்று ஆண்டுகள் கோத்துப் பழகிய என் கை, கல்மணிக்கும் அதே பழக்கத்தை நீட்டியது. கடையில் மணி வாங்கும்போது நிறம், உருண்டை, பளபளப்பு, விலை எல்லாவற்றையும் பார்த்தேன். துளையைப் பார்க்கவில்லை.

கத்தி இருந்தால் மட்டும் வெட்டு விழாது, கை அசைய வேண்டும். அந்த அசைவை உண்டாக்கியது நான் கம்பியை இறுக்கிய விதம். மணிகளுக்கு இடையே ஒளிகூடத் தெரியக்கூடாது என்று கம்பியை விறைக்க இழுத்து லாக் போட்டிருந்தேன். மேசைமேல் நேராகக் கிடக்கும்போது அழகாகவே இருந்தது. ஆனால் மாலை கழுத்தில் வளையும்போது மணிகள் உள்வளைவில் ஒன்றையொன்று நெருக்கும். அதற்குக் கம்பியில் சிறிது நீளம் மிச்சம் வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் கடைசி மணி லாக்கின்மேல் அழுந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் அந்த ஒரே இடத்தில் கம்பியை அரம்போல் ராவும். போதாக்குறைக்கு, தட்டைக் குறடால் லாக்கை அப்பளமாக நசுக்கியதில் அதன் விளிம்பும் நைலான் பூச்சில் ஏறியிருந்தது. ஏழு இழைக் கம்பி இயல்பிலேயே விறைப்பானது. ஒருமுறை மடங்கினால் மடிப்பு மாறாது, மடிந்த இடத்தில் பூச்சு வெடிக்கும்.

இதைச் சோதிக்க இரண்டு துண்டுச் சரங்கள் கோத்தேன். இரண்டிலும் வாய் கூரான பத்துப் பத்து மணிகள், கீழே 50 கிராம் எடைக்கல். ஒன்று விறைப்பாக, மற்றொன்று 2 மில்லிமீட்டர் தளர்வாக. கையால் ஆட்டி எண்ணினேன். விறைப்பானதில் முந்நூறாவது ஆட்டத்தை ஒட்டிப் பூச்சு கிழிந்து எஃகு மின்னியது. தளர்வானது ஆயிரத்தைக் கடந்தும் கீறல் இல்லாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சோதனைதான் செய்தேன், ஆகவே எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறுபாட்டின் அளவு எனக்குப் போதுமானதாக இருந்தது.

124 மணிகளின் கணக்கு

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐந்து சரத்தையும் தனித்தனியே கட்டினால் பத்து லாக் வேண்டும். நான் ஒரே கம்பியை இடப் பட்டையின் முதல் துளையில் நுழைத்து இரண்டாவது துளையில் வெளியே எடுத்து, ஒன்றாம் சரத்தையும் இரண்டாம் சரத்தையும் ஒரே ஓட்டத்தில் கோத்திருந்தேன். மூன்றும் நான்கும் அப்படியே. ஆறு லாக்கில் வேலை முடிந்தது. உட்சரம் வலமுனையில் விட்டதும் அதன் அறுபது மணிகள் கொட்டின. பிறகு பிடிப்பில்லாத கம்பி இடப் பட்டைத் துளைகளின் வழியே நழுவி, இரண்டாம் சரத்தின் அறுபத்து நான்கையும் விட்டுவிட்டது. மிச்சப்படுத்திய நான்கு லாக்கின் விலை இரண்டு ரூபாய் இருக்கும்.

மறுகோப்பு

முதலில் துளைகள். வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால் ஒவ்வொரு மணியின் இரு வாயையும் மழுக்கினேன். இந்த வேலையைத் தண்ணீருக்குள் மணியை அமிழ்த்தித்தான் செய்ய வேண்டும். கல்தூள் மூச்சில் போவது நுரையீரலுக்குக் கேடு, உலர்வாக ராவினால் மணியும் வெடிக்கக்கூடும். ஒரு கிண்ணத் தண்ணீர், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மணி, அரத்தை நுழைத்து நான்கு சுற்று, திருப்பி நான்கு சுற்று. கூரான வாயில் அரம் முதலில் கரகரவென்று பிடிக்கும், பிறகு சத்தம் மெல்ல அடங்கி வழுக்கும். அந்த வழுக்கல் விரலுக்குத் தெரிந்தால் மணி முடிந்தது. மிஞ்சியிருந்த 333 மணிகளுக்கும் ஆறு மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் நாள் முடிவில் விரல் நுனிகள் துவைத்த துணிபோல் சுருங்கியிருந்தன.

எதில் கோப்பது என்பதில் இரண்டு நாள் தயங்கினேன். தூண்டில் நரம்பு நீண்டு தொய்ந்துவிடும். முத்துக்குப் பட்டுநூலும் மணிக்கு ஒரு முடிச்சும் என்பது காலங்காலமான முறை. ஆனால் மழுக்கிய பிறகும் கல்வாய்க்குப் பட்டுநூலை நம்ப எனக்குத் துணிவில்லை, வியர்வையும் பட்டுக்கு ஆகாது. முடிவில் பாரம் தாங்கும் உட்சரத்துக்கு மட்டும் நாற்பத்தொன்பது இழைக் கியர் ஒயரை எடுத்தேன். பருமன் அதேதான், ஆனால் இழைகள் மெல்லியவை என்பதால் நூலைப்போல் வளையும். மற்ற நான்கு சரங்களையும் பச்சை நைலான் நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்தேன். முடிச்சின் பயன் இரண்டு: மணியும் மணியும் உரசுவதில்லை, எங்காவது விட்டுப்போனாலும் ஒரு மணிக்கு மேல் உதிராது. முடிச்சை மணியின் வாய் வரை தள்ளிக் கொண்டுபோக ஒரு சாதாரணத் தையல் ஊசி போதும். முடிச்சுக்குள் ஊசியை விட்டு, மணியை ஒட்டி வைத்துக்கொண்டு நூலை இழுத்து, இறுகும் கணத்தில் ஊசியை உருவ வேண்டும். ஒரு கணம் முந்தினால் முடிச்சு தள்ளி விழும், பிந்தினால் ஊசி சிக்கிக்கொள்ளும்.

முடிச்சு ஒன்றுக்கு 0.7 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும் என்பதால் அதே நீளத்துக்கு மணிகள் குறைந்தன. நான்கு சரங்களும் முறையே 57, 61, 64, 68 மணிகளில் நின்றன. உட்சரத்தின் 60-ஐச் சேர்த்து 310. காணாமல்போன ஏழைத் தேடி அதே நிறச் சாயத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. 23 மணிகள் மிஞ்சவே செய்தன. அவற்றைப் பெண்ணுக்கு ஒரு கைச்சரமாகக் கோத்துக் கொடுத்தேன்.

முனைகளில் கம்பி பட்டைத் துளையின் உலோகத்தில் நேராகப் படாதபடி பிரெஞ்சு ஒயர் என்னும் மெல்லிய சுருளை மாட்டி, லாக்கை அதற்கென்றே இருபள்ளம் வைத்த குறடால் முதலில் பள்ளமாகவும் பிறகு உருண்டையாகவும் மடித்தேன். ஒவ்வொரு சரத்துக்கும் தனி லாக் அல்லது தனி முடிச்சு. கட்டுமுன் சரத்தைப் பித்தளைச் சொம்பின் கழுத்தில் சுற்றிப் பார்த்து, வளைந்த நிலையிலும் கடைசி மணியை விரலால் 2 மில்லிமீட்டர் நகர்த்த முடிகிறதா என்று சரிபார்த்தேன். மேசைமேல் கிடத்தினால் மணிகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரியத்தான் செய்தது. அத்தை அதைக் கவனித்து, “முன்னைக்கு இது கொஞ்சம் தொளதொளன்னு இருக்கேம்மா?” என்று கேட்டார். கழுத்தில் போட்டுக் காட்டியதும் சமாதானமானார். மேசையில் அழகாகக் கிடக்கும் மாலை வேறு, கழுத்தில் நிற்கும் மாலை வேறு என்பதை நானே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன்.

பணக்கணக்கு

முதல் மாலையின் விலை ₹1,900. மணி ₹720, கம்பியும் லாக்கும் ₹35, பட்டைகள் ₹45, டோரி ₹60, ஆக பொருள் ₹860. எட்டு மணி நேர உழைப்பு. ஒரு மணி நேரத்துக்கு ₹130 கிடைத்ததாக மகிழ்ந்திருந்தேன். மறுகோப்புக்கு ₹310-க்குப் பொருளும் பதினான்கு மணி நேரமும் ஆயின. கூட்டிக் கழித்தால் 22 மணி நேரத்துக்கு ₹730, அதாவது மணிக்கு ₹33. இப்போது கல்மணி மாலை என்றால் துளை ராவும் நேரத்தையும் முடிச்சு நேரத்தையும் சேர்த்தே விலை சொல்கிறேன். ₹3,000-க்குக் குறைந்து வருவதில்லை. கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கண்ணாடி மணியைக் காட்டுகிறேன்.

திருமணம் தை மாதத்தில். ஆடிப்பெருக்கன்று பெண்ணுக்குத் தாலிச்சரடு மாற்றினார்கள். மஞ்சள் சரடை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றத்தான் வேண்டும் என்று பழக்கம் வைத்திருக்கும் நாம், மற்ற மாலைகளின் நூலை மட்டும் காலத்துக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். பெண்ணுக்குச் சரடு மாற்றிய கையோடு அத்தை மாலையையும் பார்வைக்குக் கொண்டுவந்தார். இதற்கிடையில் பெண் அதை ஐந்தாறு விசேஷங்களுக்குப் போட்டிருந்தாள். உட்சரத்தின் முனைகளில் பூச்சு முழுதாக இருந்தது. வெளிச்சரத்தில் இரண்டு முடிச்சுகள் சற்று நெகிழ்ந்திருந்தன. டோரியின் சரிகை கறுத்திருந்தது. முடிச்சுகளை இறுக்கி, டோரியை மாற்றிக் கொடுத்தேன்.

புறப்படும்போது அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பச்சை மணியை நீட்டினார். கூறைப்புடவையைச் சலவைக்குப் போட எடுத்தபோது கொசுவ மடிப்பிலிருந்து விழுந்ததாம். மற்றவை எல்லாம் ராவப்பட்டுவிட்டதால், முதல் கோப்பின் துளை மாறாமல் என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான். மாதிரிப் பெட்டியில் வைக்குமுன் வெள்ளை நூலை நுழைத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பிலேயே பிசிறு கிளம்பியது.